குறைந்த ரத்த அழுத்தத்துக்குக் குளுக்கோஸ் பாட்டில் தீர்வல்ல

"அம்மாவுக்கு வயது 68. காலையில் படுக்கையிலிருந்து எழும்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் தலை சுற்றுகிறது. ரத்த அழுத்தம் 96/60 என்றார்கள். மருந்துக் கடைக்காரர் சொன்னபடி வாரம் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுகிறோம். உணவிலேயே சரிசெய்ய முடியாதா? உப்பு கரைத்த தண்ணீர் தரலாமா?" என்று கரூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தப் பாட்டிலை நிறுத்துங்கள். 5 சதவீதக் குளுக்கோஸ் கரைசல் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது 100 கலோரி. அதை உடல் பயன்படுத்திக்கொண்ட பின் எஞ்சும் தண்ணீரில் பெரும்பகுதி ரத்தக் குழாயில் நிற்காமல் திசுக்களுக்குப் போய்விடும். வாயால் குடிக்க முடிகிறவருக்கு நரம்பில் ஊசி குத்தி இதைக் கொடுப்பது வியாபாரமே தவிர வைத்தியம் அல்ல. தெம்பு வந்ததாகத் தோன்றுவது பெரும்பாலும் அந்த நேரம் முழுவதும் படுத்திருந்ததன் பலன்தான். மருந்துச் சீட்டு இல்லாமல் பாட்டிலை விற்பவரையும், வீட்டுக்கே வந்து ஏற்றிவிட்டுக் காசு வாங்குபவரையும் தட்டிக்கேட்க யாரும் இல்லாததால் இது ஊர்தோறும் நடக்கிறது.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் இறங்குகிறது. முதுமையில் ரத்தக் குழாய்கள் அதற்கேற்பச் சட்டென்று சுருங்குவதில்லை. வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் செரிமானத்துக்காக ரத்தம் குடலுக்குத் திரும்புவதால் மதியத்திலும் அதே தலைசுற்றல் வருகிறது. உடலில் நீர் குறைவாக இருந்தால் இரண்டுமே மோசமாகும். முழங்கால் வலியோடு கழிப்பறைக்கு நடக்க வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் ஏராளம். உங்கள் அம்மாவும் அப்படித்தானா என்று பாருங்கள்.

காலையில் கட்டிலிலேயே உட்கார்ந்து இரண்டு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்து, சில நிமிடம் கழித்து எழட்டும். மதிய உணவுக்குக் கால் மணி நேரம் முன்பும் அப்படியே குடிக்கலாம். ஒரே வேளையில் தட்டு நிறையச் சோறு போடாமல், அளவைக் குறைத்துப் பருப்பு, முட்டை, சுண்டல், காய்கறியைக் கூட்டி, மீதியை மாலையில் கொடுங்கள். சாப்பிட்டதும் எழுந்து பாத்திரம் கழுவப் போக வேண்டாம். காபியைக் காலை உணவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உப்புத் தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கு அச்சம். இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு, குறிப்பாகக் காலில் வீக்கமோ படுத்தால் மூச்சுத்திணறலோ இருந்தால், கூடுதல் உப்பு ஆபத்து. மேலே சொன்ன கூடுதல் தண்ணீரையும் அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. அம்மா ஏற்கெனவே பிரஷர் மாத்திரையோ நீர் மாத்திரையோ எடுக்கிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. எடுக்கிறார் என்றால், ஒரு பக்கம் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை, மறுபக்கம் அதை ஏற்ற உப்பு என்று இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில் பொருளில்லை; மாத்திரையின் அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும், நீங்களாக நிறுத்தவும் கூடாது. இவை எதுவும் இல்லாதவருக்கு உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர் போதும்.

படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் ஒரு முறை அழுத்தத்தை அளந்து பார்த்து, மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், தலைசுற்றலுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஐந்து நிமிட வேலையான இதைச் செய்யக்கூட நம் புறநோயாளிப் பிரிவுகளில் நேரம் ஒதுக்குவதில்லை. நாற்காலியில் உட்காரவைத்து ஒரே எண்ணை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அம்மாவை அழைத்துப்போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் சென்று, நிற்கவைத்து அளக்கும்படியும் ரத்தசோகைக்கு ரத்தப் பரிசோதனை செய்யும்படியும் நீங்களே கேளுங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ அதுவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.