கையெழுத்துப் போடும் முன்: பிரித்தானிய வீடுகளும் எரிசக்திச் சட்டமும் (கேள்வி-பதில்)

குளிர்காலம் முடியும்போது எரிவாயு பில்லும் வரும், கேள்விகளும் வரும். இந்த முறை வந்தவற்றில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன். பதில்கள் இங்கிலாந்துச் சட்டத்தை வைத்து எழுதியவை. வேல்ஸில் சிலவற்றில் இதே கதைதான், சிலவற்றில் வேறு. ஸ்காட்லாந்துக்கு விதிகளும் மானியங்களும் தனி.

கேள்வி: ஈஸ்ட் ஹாமில் நான் வாடகைக்கு விட்ட ஒரு வீடு இருக்கிறது. வீட்டின் எரிசக்தித் திறனை 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் பிரிக்கும் இபிசி சான்றிதழில் 'எஃப்' தரம். குடியிருப்பவர்கள் பத்து வருடமாக இருக்கிறார்கள், புது ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. பழைய வாடகைக்காரருக்குச் சட்டம் பொருந்தாது என்று நண்பர் சொல்கிறார். சரியா?

2019-இல் சொல்லியிருந்தால் சரி. வாடகைக்கு விடும் வீடு குறைந்தது 'இ' தரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 2018 ஏப்ரல் 1 அன்று புதிய, புதுப்பிக்கும் ஒப்பந்தங்களுக்கு மட்டும் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வாடகைக்கும் அதுவே சட்டம். உங்கள் வீடு இப்போது விதியை மீறித்தான் வாடகையில் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் நினைத்தால் அபராதம் போடலாம். மூன்று மாதத்துக்கு மேல் போன மீறலுக்கு 4,000 பவுண்டு வரை, மற்றவையும் சேர்ந்தால் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண்டு வரை.

அதற்காக வீட்டையே இடித்துக் கட்டச் சொல்லவில்லை. வாட் வரியும் சேர்த்து 3,500 பவுண்டுதான் இப்போதைய உச்சவரம்பு. அதற்குள் செய்யக்கூடியதைச் செய்தும் 'இ' வரவில்லை என்றால், அரசின் விலக்குப் பதிவேட்டில் பதியலாம். மிக மலிவான ஒரு வேலையே 3,500-ஐத் தாண்டும் என்றால் மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகளைக் காட்டிப் பதியலாம். விலக்கு ஐந்து வருடம் செல்லும். வீட்டை விற்றால் வாங்குபவருக்கு அது கூடவே போகாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 'விலக்கு இருக்கிற வீடு' என்று நம்பி வாங்கியவருக்கு அந்த விலக்கு கிடையாது.

ஆனால் செலவு செய்வதற்கு முன் அந்தச் சான்றிதழையே ஒருமுறை வாசியுங்கள். மதிப்பீட்டாளர் கண்ணால் பார்த்ததை, இல்லாவிட்டால் காகிதத்தில் உள்ளதைத்தான் எழுத முடியும். கூரைக்கு அடியில் உள்ள லாஃப்டின் கதவு திறக்கவில்லை, பில்லும் இல்லை என்றால், வெப்பம் வெளியேறாமல் இருக்க நீங்கள் முன்பே போட்ட இன்சுலேஷன் கணக்கில் வராது. வீட்டின் வயதை வைத்து ஓர் ஊகம்தான் போகும். பழைய பில்லையும் உத்தரவாதச் சீட்டையும் தேடி எடுத்து, புது மதிப்பீடு செய்தாலே தரம் ஏறிய வீடுகள் உண்டு.

இன்னொன்று, 2030-க்குள் வாடகை வீடுகளை 'சி' தரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அரசின் திட்டம். ஆகவே 'இ'-யைத் தொட்டால் போதும் என்று மலிவான மின்சார ஹீட்டரை மாட்டி, சில வருடத்தில் அதையே பிடுங்கும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: லெஸ்டரில் எங்கள் தெருவில் ஒருவர் வீடு வீடாக வருகிறார். தமிழ்தான் பேசுகிறார். 'அரசாங்கம் இலவசமாக இன்சுலேஷன் தருகிறது, இது உங்கள் உரிமை, இன்றே கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும்' என்கிறார். நம்பலாமா?

தமிழ் பேசுகிறார் என்பதை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'உங்கள் உரிமை' என்ற பேச்சே தவறு. 2013-இலிருந்து இந்த நாட்டில் நடந்த பெரிய இலவச இன்சுலேஷன் வேலைகளில் பெரும்பகுதி 'ஈகோ' என்ற ஏற்பாட்டின் கீழ் நடந்தது. அதில் சட்டம் கடமையைச் சுமத்தியது எரிவாயு, மின்சார நிறுவனங்கள்மீது. இத்தனை வீடுகளில் இவ்வளவு சேமிப்பைக் காட்டு என்று அவர்களுக்கு இலக்கு வைப்பார்கள், எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் சரிபார்க்கும். வீட்டுக்காரருக்கு 'எனக்குக் கொடு' என்று கேட்கும் உரிமையை அந்தச் சட்டம் தரவில்லை. எந்த வீட்டை எடுப்பது, எதை விடுவது என்பது அவர்கள் முடிவு. அரசு தரும் மானியங்களுக்கும் வருமானம், உதவித்தொகை, வீட்டின் தரம் என்று நிபந்தனைகள் இருக்கும்.

அவரிடம் நிறுவனத்தின் பெயரை வாங்கி, வீட்டு வேலை செய்யும் நிறுவனங்களைப் பதிவுசெய்து தரம் பார்க்கும் டிரஸ்ட்மார்க் அமைப்பின் இணையதளத்தில் தேடுங்கள். எந்தத் திட்டம், பணம் கொடுப்பது யார் என்று எழுத்தில் கேளுங்கள். கவுன்சில் அனுப்பியது என்றால் கவுன்சிலுக்கே போன் செய்யுங்கள். பணம் கொடுத்துச் செய்யும் வேலைக்கு உங்கள் வீட்டு வாசலில் போட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் ரத்துசெய்யலாம். அதனால்தான் சிலர் 'நாளைக்கே வேலையைத் தொடங்கச் சம்மதம்' என்ற வரியிலும் சேர்த்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதைப் போட்டுவிட்டு ரத்துசெய்தால், அதுவரை நடந்த வேலைக்குக் காசு கேட்பார்கள்.

கூரையின் உட்புறம் நுரை அடிப்பதாகச் சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள். இது என் சொந்தக் கருத்து. நுரை மரச் சட்டங்களை மறைத்துவிடும். மரம் உளுத்திருக்கிறதா என்று சர்வேயரால் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு மோர்ட்கேஜ் கொடுக்க மறுக்கும் வங்கிகள் இருக்கின்றன.

கேள்வி: லூவிஷமில் எங்கள் சொந்த வீட்டுக்கு ஒரு திட்டத்தின் கீழ் வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்டார்கள். ஒரு குளிர்காலம் முடிந்ததும் படுக்கையறை மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். செய்தவர்களைக் கேட்டால் 'நீங்கள் அதிகம் சமைக்கிறீர்கள்' என்கிறார்கள்.

நம் வீடுகளில் இந்தப் பதிலைக் கேட்காதவர்கள் குறைவு. சோறு கொதிக்கும், பருப்பு அவியும், ஈரத்துணி ரேடியேட்டரில் காயும். ஆவி வருவது உண்மைதான். ஆனால் அந்த வேலைக்குப் பொருந்தும் பாஸ் 2035 தரவிதி இதையெல்லாம் வேலைக்கு முன்பே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. எத்தனை பேர் இருக்கிறார்கள், எப்படிப் புழங்குகிறார்கள், காற்று எங்கே வெளியேறுகிறது என்று மதிப்பிட வேண்டும். போதாவிட்டால் எக்ஸ்ட்ராக்டர் ஃபேனோ காற்றுவழியோ அதே வேலையோடு சேர்த்துப் போட வேண்டும். சுவரை மூடிவிட்டுச் சமையலைக் குறை சொல்வது, அந்த மதிப்பீடு நடக்கவில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொள்வது போலத்தான்.

நீங்கள் தனி ஆள் இல்லை. தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, ஈகோவின் நான்காம் கட்டத்திலும் அதோடு நடந்த இன்னொரு இன்சுலேஷன் திட்டத்திலும் வெளிச்சுவர் வேலை நடந்த வீடுகளில் 98 விழுக்காட்டில் சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக மதிப்பிட்டது. ஏறத்தாழ 22,000 முதல் 23,000 வீடுகள். உட்சுவர் வேலையில் 29 விழுக்காடு. நூற்றுக்கு 98 என்றால் அது சில மோசமான மேஸ்திரிகளின் வேலை அல்ல, மேற்பார்வையே இல்லை என்று பொருள்.

முதலில் தேதியோடு படம் எடுத்து நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். மதிப்பீட்டு அறிக்கை, வடிவமைப்பு, காற்றோட்டக் கணக்கு, உத்தரவாதச் சான்று ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள். ஒழுங்காகப் பதில் வராவிட்டால் டிரஸ்ட்மார்க்குக்குப் போங்கள். ஈகோவின் நான்காம் கட்டத்தில் சுவர் இன்சுலேஷனுக்கு 25 வருட உத்தரவாதம் கட்டாயம். நிறுவனம் மூடிப்போனாலும் உத்தரவாதம் கொடுத்த அமைப்பை நேரடியாக அணுகலாம். அதுவரை அவர்கள் வந்து பூஞ்சணத்தின்மேல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். நீங்களாக எதையும் பிய்க்கவும் வேண்டாம்.

இதே பிரச்சினை கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ என்றால் வழி வேறு. ரோச்டேலில் பூஞ்சணம் படிந்த வீட்டில் வாழ்ந்து 2020-இல் இறந்துபோன இரண்டு வயது அவாப் இஷாக்கின் பெயரில் வந்த சட்டம், 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட சமூக வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடியான பெரிய ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை. பெரிய அளவு ஈரம், பூஞ்சணம் என்றால் பத்து வேலை நாளுக்குள் வந்து பார்த்தாக வேண்டும்.

கேள்வி: ஹாரோவில் வரிசை வீடு. வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைக்க ஆசை. வேலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்க இடம் இல்லை. மானியத்துக்கு முதலில் லாஃப்ட் வேலையை முடிக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

இரண்டுமே பழைய விதிகள். ஒரு மீட்டர் கட்டுப்பாட்டை இங்கிலாந்தில் 2025 மே மாதம் எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் எவ்வளவு போகும் என்ற கணக்கை நிறுவுபவர் காட்ட வேண்டும். பாரம்பரியத்துக்காகப் பாதுகாக்கப்பட்ட பகுதி, பட்டியலிட்ட கட்டிடம் என்றால் கவுன்சிலைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். இபிசி பரிந்துரைத்த லாஃப்ட், சுவர் இன்சுலேஷனை முதலில் முடித்தாக வேண்டும் என்ற நிபந்தனை 2024 மேயோடு போய்விட்டது. போட்டால் நல்லது, அது வேறு விஷயம்.

நீங்கள் கேட்கும் மானியம் பாய்லர் அப்கிரேடு திட்டத்தில் வருவது. காற்றிலிருந்து வெப்பம் எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் பம்புக்கு 7,500 பவுண்டு. நீங்கள் விண்ணப்பிப்பதில்லை. எம்சிஎஸ் என்ற தரச் சான்று பெற்ற நிறுவுபவர் விண்ணப்பித்து, அந்தத் தொகையைக் கழித்துத்தான் பில் போட வேண்டும். 'முழுப் பணம் கட்டுங்கள், மானியம் வந்ததும் தருகிறேன்' என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வாடகைக்கு இருக்கிறோம். மானியத்தில் இன்சுலேஷன் கிடைக்கும் போலிருக்கிறது. வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்.

வாடகை வீடுகளுக்கு 'இ' தரத்தைக் கொண்டுவந்த 2015-ஆம் ஆண்டு விதிகளிலேயே, நியாயமான காரணம் இல்லாமல் அவர் மறுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் அவருக்கு ஒரு பைசா செலவு வராதபடி பணத்துக்கு வழி இருக்க வேண்டும். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். அப்புறமும் மறுத்தால் ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்) இருக்கிறது.

கேள்வி: ஃபிளாட் எங்களுடையதுதான். டபுள் கிளேசிங் (இரட்டைக் கண்ணாடி) ஜன்னல் மாற்ற யாரைக் கேட்க வேண்டும்?

முதலில் லீஸ் பத்திரத்தைப் படியுங்கள். வெளிச்சுவரும் கூரையும் பெரும்பாலும் கட்டிடத்துக்கும் நிலத்துக்கும் உரிமையாளரான ஃப்ரீஹோல்டருடையவை, பல லீஸ்களில் ஜன்னலும் அப்படித்தான். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஜன்னல் போடுபவர் வேலை கட்டிட விதிப்படி நடந்ததற்குச் சான்று தரும் ஃபென்சா போன்ற அமைப்பில் பதிந்தவராக இருக்கட்டும், இல்லாவிட்டால் கவுன்சிலின் கட்டிடப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். 2022 ஜூனிலிருந்து புது ஜன்னல் போடும்போது காற்றோட்டம் முன்பிருந்ததைவிடக் குறையக் கூடாது. ஆகவே ஜன்னல் சட்டத்தில் அந்தச் சின்னக் காற்றுத் துளையை 'வேண்டாம், குளிரும்' என்று அடைக்கச் சொல்லாதீர்கள்.

கேள்வி: கூரை ஓடுகளை மாற்றுகிறோம். இன்சுலேஷனும் கட்டாயம் என்கிறார் பில்டர். காசு பிடுங்கப் பார்க்கிறாரோ?

இல்லை. கூரைப் பரப்பில் பாதிக்கு மேல் புதுப்பித்தால், வெப்பக் காப்பையும் இன்றைய தரத்துக்கு முடிந்தவரை உயர்த்த வேண்டும் என்பது கட்டிட விதி. வெளிச்சுவரைப் பூசும்போதும் இதுவே. நல்ல பில்டர் கிடைத்திருக்கிறார், விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இன்சுலேஷன் பொருளை நானே வாங்கினால் வாட் வரி உண்டா?

உண்டு, 20 விழுக்காடு. வேலையையும் பொருளையும் ஒரே நிறுவனம் சேர்த்துச் செய்தால் 2027 மார்ச் 31 வரை பூஜ்யம்.