சியென்-பாவ் ஏன் இரண்டாம் சுற்றைத் தாண்டுவதில்லை?

வணக்கம்.

பல வருடங்களாகப் போக்கிமான் வீடியோ விளையாட்டில், பக்கத்துக்கு ஒன்று நிற்கும் சிங்கிள்ஸ் ஆடி வந்தவன் நான். பக்கத்துக்கு இரண்டு நிற்கும் டபுள்ஸுக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன. ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்த போக்கிமான் சியென்-பாவ். வேகத்தைக் கூட்டும் ஜாலி நேச்சர் (குணம்), தாக்குதலுக்கும் வேகத்துக்கும் தலா 252 ஈவி (பயிற்சிப் புள்ளி), கையில் ஒரே அடியில் விழாமல் காக்கும் ஃபோகஸ் சாஷ், மூவ்களாக ஐசிகிள் கிராஷ், முந்திவரும் சக்கர் பஞ்ச், சேக்ரட் ஸ்வோர்ட், அந்தச் சுற்றின் அடிகளைத் தடுக்கும் ப்ரொடெக்ட் என்று வைத்திருக்கிறேன். நான்காவது இடத்தில் எல்லோரும் ப்ரொடெக்ட் வைக்கிறார்களே என்று வைத்ததுதான்; அதை ஒருமுறைகூட அழுத்தியதாக நினைவில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் சியென்-பாவைத்தான் முதலில் இறக்குகிறேன், இரண்டாம் சுற்று முடிவதற்குள் அது விழுந்துவிடுகிறது. எதிரே இன்சினரோர் வந்துவிட்டால் அடியும் அடியாக இருப்பதில்லை. அடமன்ட் நேச்சருக்கு மாறி பலத்தைக் கூட்டுவதா, இருக்கும் வேகத்தை இன்னும் கூட்ட வழி தேடுவதா, அல்லது இப்படிப்பட்ட போக்கிமானுக்கு டபுள்ஸில் இடமே இல்லை என்று விட்டுவிடுவதா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளைவிட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. ப்ரொடெக்டை ஒருமுறைகூட அழுத்தியதில்லை என்கிறீர்கள். உங்கள் சியென்-பாவ் சீக்கிரம் விழுவதற்கு நேச்சரைவிட அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஆனாலும் நேச்சர் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

ஐம்பதாம் லெவலில் ஜாலி சியென்-பாவின் வேகம் 205, தாக்குதல் 172. அடமன்டில் வேகம் 187, தாக்குதல் 189. இந்த 187 ஒன்றும் மெதுவானதல்ல. வேகத்தை முழுமையாக ஏற்றிய டொர்னாடஸின் 179ஐயும், ஓகர்பானின் 178ஐயும், உர்ஷிஃபுவின் 163ஐயும் அது தாண்டிவிடும். நாம் இழப்பது 187க்கும் 205க்கும் நடுவே நிற்கும் சிலரை மட்டுமே: 192இல் மியாவ்ஸ்கராடா, 194இல் வீவைல், சரியாக 205இல் ஃப்ளட்டர் மேனும் எதிரணியின் சியென்-பாவும். அந்தக் கடைசி இருவருடன் நமக்குக் கிடைப்பதும் சமநிலைதான். யார் முந்துவது என்பதை ஆட்டம் பாதிக்குப் பாதி வாய்ப்பில் தீர்மானிக்கும். ஆயினும் அவ்விருவரும் அடிக்கடி எதிர்ப்படுகிறவர்கள் என்பதாலும், ஃப்ளட்டர் மேனின் ஃபேரி வகைத் தாக்குதல் சியென்-பாவுக்கு இரு மடங்கு வலிக்கும் என்பதாலும், நான் ஜாலியையே வைத்துக்கொள்வேன். நேச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

சிங்கிள்ஸில் வேகம் என்பது எதிரே நிற்கும் ஒன்றோடு ஒப்பிடப்படும் எண். அங்கே 205 என்றால் ஏறக்குறைய எப்போதும் நீங்கள்தான் முதலில் அடிப்பீர்கள். டபுள்ஸில் நான்கு போக்கிமான்கள் வரிசையில் நிற்கின்றன, அந்த வரிசையைக் கலைத்துப் போடுவதற்கென்றே ஒவ்வோர் அணியிலும் யாராவது ஒருவர் இருக்கிறார். டெயில்விண்ட் வீசினால் அந்த அணி முழுவதற்கும் வேகம் இரட்டிக்கும். அப்போது 103 வேகம் கொண்ட ஒன்றுகூட 206 ஆகி உங்களை முந்திவிடும், அந்த 103ஐ எட்டுவதற்குப் பல போக்கிமான்களுக்கு ஈவிகூடத் தேவையில்லை. பூஸ்டர் எனர்ஜி என்ற பொருளை வேகத்துக்குப் பயன்படுத்தும் ஃப்ளட்டர் மேன் இறங்கியவுடனேயே 307இல் நிற்கும். ஐசி விண்ட் ஒருமுறை பட்டால் உங்கள் 205 வெறும் 136 ஆகிவிடும். மெதுவானவற்றை முதலில் ஆடவைக்கும் ட்ரிக் ரூம் எழுந்துவிட்டாலோ, நீங்கள் பார்த்துப் பார்த்து ஏற்றிய வேகமே உங்களை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும். இவற்றில் எதற்கும் இன்னும் பத்துப் புள்ளி வேகம் தீர்வாகாது என்பதால், உங்கள் இரண்டாம் கேள்வியும் இங்கேயே விழுந்துவிடுகிறது.

இன்சினரோரைப் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வருத்தம் இன்னும் தெளிவாகும். சியென்-பாவின் சிறப்பே ஸ்வோர்ட் ஆஃப் ருயின் என்ற அதன் எபிலிட்டி, அதாவது இயல்புத் திறன்தான். அது களத்தில் நிற்கும் மற்ற அனைவருடைய டிஃபென்ஸையும் முக்கால் பங்காகக் குறைக்கிறது, அதாவது உடல்வகை அடி மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இன்சினரோரின் இன்டிமிடேட் உங்கள் தாக்குதலை மூன்றில் இரண்டாக்குகிறது. இரண்டையும் பெருக்கினால் ஒன்பதில் எட்டு வருகிறது. ஆக, எந்த எபிலிட்டியும் இல்லாத ஒரு சாதாரணப் போக்கிமானைவிடச் சற்றுக் குறைவாகவே உங்கள் சியென்-பாவ் அடித்துக்கொண்டிருக்கிறது. அதே இன்சினரோர் ஃபேக் அவுட்டையும் கொண்டு வருகிறது. வேகம் எதுவாக இருந்தாலும் முந்திவரும் அந்தச் சிறிய அடி, உங்கள் சுற்றை வீணாக்குவதோடு ஃபோகஸ் சாஷையும் பயனற்றதாக்கிவிடும். உயிர் முழுமையாக இருக்கும்போது மட்டும்தான் சாஷ் காக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கூட நிற்கும் இன்னொன்று அதே சுற்றில் அடித்தால் கதை முடிந்தது. உங்கள் ஆட்டங்களில் இரண்டாம் சுற்றுக்குள் நடப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஸ்வோர்ட் ஆஃப் ருயின் வேலை செய்வதற்குச் சியென்-பாவ் அடிக்க வேண்டிய அவசியமில்லை. அது களத்தில் நின்றால் போதும். ப்ரொடெக்டை அழுத்திவிட்டு அது ஒதுங்கி நிற்கும் சுற்றிலும் எதிராளிகள் இருவருடைய டிஃபென்ஸும் குறைந்தேதான் இருக்கிறது, பக்கத்தில் நிற்கும் உங்கள் இன்னொரு போக்கிமான் அந்தக் குறைவை முழுமையாக அறுவடை செய்துகொள்ளலாம். எதிராளியோ, விட்டால் அடித்துவிடுமே என்ற கவலையில், தன் இரண்டு தாக்குதல்களில் ஒன்றையாவது சியென்-பாவின் மேல் செலவழித்திருப்பார். அது ப்ரொடெக்டில் பட்டு வீணாகும். சிங்கிள்ஸில் ஒரு சுற்று அடிக்காமல் இருந்தால் அது பெரும்பாலும் எதிராளிக்குக் கொடுத்த இலவசச் சுற்று. இங்கே நீங்கள் ஒருபுறம் காத்துக்கொண்டே மறுபுறம் அடிக்கிறீர்கள். சிங்கிள்ஸிலிருந்து வருகிறவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச காலம் எடுக்கும், எனக்கும் எடுத்தது.

2023இல் சியென்-பாவ் அனுமதிக்கப்பட்ட பிறகு, ஆட்டத்தின் நடுவே வகையை மாற்றும் டெராவைச் சாதாரண வகையாகக் கொண்டு வந்த டிராகனைட் அதற்கு இணையாக மிகப் பரவலாக ஆடப்பட்டதற்கும் இதுவே காரணம். டிராகனைட்டின் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு சக்கர் பஞ்சைக்கூட முந்திவரும் மூவ். அதற்கு டெயில்விண்டும் வேண்டாம், ட்ரிக் ரூமும் தடையில்லை. இன்னர் ஃபோகஸ் எபிலிட்டியுடன் இருந்தால் இன்டிமிடேட்டும் ஃபேக் அவுட்டின் தடுமாற்றமும் அதைத் தொடாது. ஆக, வேகமான சியென்-பாவ் எதிராளியின் டிஃபென்ஸைக் குறைத்துவைக்க, வேக எண்ணில் மிகவும் பின்தங்கிய டிராகனைட் அவர்களுக்கு முன்னதாக அடிக்கிறது. உர்ஷிஃபுவின் நீர் வடிவமும் அதே விதத்தில் பொருந்தும்: சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸின் மூன்று அடிகளும் கிரிட்டிகலாகவே விழுவதால் இன்டிமிடேட் குறைத்த தாக்குதல் அங்கே கணக்கில் வராது. ஒரு விலையும் உண்டு. ஸ்வோர்ட் ஆஃப் ருயின் உங்கள் பக்கத்துத் துணையின் டிஃபென்ஸையும் குறைக்கிறது; எதிரணியில் உடல்வகைத் தாக்குதல்காரர்கள் மிகுந்திருந்தால், உங்கள் துணை எதிர்பாராத அடியில் விழுவதைக் காண்பீர்கள்.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சியென்-பாவ் நின்றது. எதிராளியுடையது சாஷின் தயவில் ஒரே புள்ளி உயிருடன் இருந்தது. என்னுடையதும் பாதிக்குக் கீழே. என் பக்கத்தில் டிராகனைட் இருந்தது. நான் டிராகனைட்டை எதிரணியின் மற்றொன்றின் மேல் ஏவிவிட்டு, சியென்-பாவைச் சியென்-பாவின் மேல் ஏவினேன். இரண்டுக்கும் 205. எதிராளியுடையது முந்தியது, நான் ஆட்டத்தை இழந்தேன். அதிர்ஷ்டம் கைவிட்டது என்று அன்று இரவு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான் புரிந்தது: சியென்-பாவுக்கு ப்ரொடெக்டும், டிராகனைட்டுக்கு அந்த ஒரு புள்ளியின் மேல் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடும் கொடுத்திருந்தால் அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. அடிக்கும் போக்கிமான் அடிக்கத்தான் வேண்டும் என்ற பழக்கம் என் கையில் ஊறிப்போயிருந்தது.

எப்போது இறக்குவது என்பது அடுத்தது. ஆறு பேரைக் காட்டிவிட்டு நால்வரைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் இது என்பதால், முதல் சுற்றுக்கு முன்பே உங்களுக்கு நிறையத் தெரியும். எதிரணியில் இன்சினரோர், டெயில்விண்ட் வீசும் டொர்னாடஸ், ட்ரிக் ரூம் எழுப்பும் ஒன்று ஆகியவற்றில் இரண்டு இருந்தாலே நான் சியென்-பாவை முதலில் இறக்கத் தயங்குவேன். பின்னால் வைத்திருந்தால், இன்டிமிடேட் வேறு யார் மேலோ விழுந்திருக்கும், ஃபேக் அவுட்டின் முதல் வாய்ப்பு கழிந்திருக்கும், டெயில்விண்டின் நான்கு சுற்றுகளில் பெரும்பகுதி ஓடியிருக்கும். ஒருவர் விழுந்த இடத்தில் சியென்-பாவ் சேதமில்லாமல் இறங்கும்போது அந்த 205 உண்மையிலேயே 205ஆக இருக்கும். இன்சினரோர் பின்வாங்கி மறுபடி இறங்கினால் இன்டிமிடேட்டும் ஃபேக் அவுட்டும் திரும்பவும் வரும். ஆனால் அப்படி இறங்கும் சுற்றில் அந்த இடத்திலிருந்து தாக்குதல் இருக்காது, அந்தச் சுற்று உங்களுடையது.

ட்ரிக் ரூமைப் பற்றித் தனியாக ஒன்று. அது எல்லா மூவ்களுக்கும் பின்னால் நிகழ்வது என்பதால், எழுப்புகிறவரை அதே சுற்றில் வீழ்த்த உங்கள் இருவருக்கும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ரேஜ் பவுடர் போன்ற ஒன்று உங்கள் ஒற்றை இலக்கு அடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இந்த இழுப்பின் பலத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 2014 உலகப் போட்டியில் தென்கொரியாவின் செஜுன் பார்க் பட்டம் வென்ற அணியில், தாக்குதல் அடிப்படை எண் வெறும் 45 கொண்ட பச்சிரிசு இருந்தது. ஃபாலோ மீ மூலம் அடிகளைத் தன் மேல் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற பலசாலிகளை அடிக்கவிட்டதே அதன் முக்கிய வேலை. உங்கள் சியென்-பாவுக்கும் அப்படி ஒரு துணை அமையலாம். ட்ரிக் ரூம் எழுந்துவிட்டால் சியென்-பாவைப் பின்வாங்கச் செய்யுங்கள், அல்லது சக்கர் பஞ்சை நம்புங்கள். எதிரே ஆர்மர் டெயில் கொண்ட ஃபாரிகிராஃப் நின்றால் அந்த நம்பிக்கையும் வேண்டாம், முந்திவரும் மூவ்களை அது தன் பக்கம் முழுவதும் தடுத்துவிடும்.

கையில் என்ன கொடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. கிளியர் அம்யூலெட் கொடுத்தால் இன்டிமிடேட்டும் ஐசி விண்டின் வேகக்குறைப்பும் தொடாது, ஆனால் உயிருக்கும் இரு வகை டிஃபென்ஸுக்கும் 80, 80, 65 என்ற அடிப்படை எண்களைக் கொண்ட மெல்லிய உடம்பு சாஷ் இல்லாமல் நிற்க வேண்டும். ஃபேக் அவுட்தான் உங்களை அதிகம் வதைக்கிறது என்றால் டெராவைப் பேய் வகையாக மாற்றிப் பாருங்கள். ஃபேக் அவுட்டும் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடும் படாது, இப்போது நான்கு மடங்கு வலிக்கும் சண்டை வகை அடிகளும் ஒன்றும் செய்யாது. உர்ஷிஃபுவிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. அதன் தொடும் மூவ்கள் ப்ரொடெக்டை ஊடுருவும், சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸின் மூன்று அடிக்குச் சாஷும் நிற்காது.

சியென்-பாவை விட்டுவிடாதீர்கள். அடுத்த பத்து ஆட்டங்களில் அதை முதலில் இறக்காமல் பின்னால் வைத்து ஆடிப் பாருங்கள். இறங்கிய முதல் சுற்றில் எதிராளி எதை அடிப்பார் என்று ஊகித்து, ஐயமிருந்தால் ப்ரொடெக்டை அழுத்துங்கள். அந்த ஆட்டங்களின் பதிவுகளை அனுப்பினால் உட்கார்ந்து பார்க்கிறேன். தோற்றவற்றை முதலில் அனுப்புங்கள்.