செவ்வாயின் வட துருவத்தில் மரங்கள் வரிசையாக நிற்பதாக ஒரு படம் சுற்றுகிறதே, அது உண்மையா? நாசா எதையாவது மறைக்கிறதா?

படம் உண்மையானது. அதில் இருப்பவை மரங்கள் இல்லை. நாசா எதையும் மறைக்கவும் இல்லை, அந்தப் படத்தை உலகத்துக்குக் கொடுத்ததே அவர்கள்தான்.

உங்களுக்கு இது எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பாவோ மாமாவோ அனுப்பியிருப்பார். "இதெல்லாம் சும்மா" என்று நீங்கள் போட்டிருப்பீர்கள். "நீ ரொம்பப் படிச்சிட்டியோ" என்று பதில் வந்திருக்கும். இல்லையென்றால் நீங்களே பார்த்து அசந்துபோய், வெளியே கேட்டால் சிரிப்பார்களோ என்று இங்கே கேட்கிறீர்கள். எதுவானாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதே கேள்வியை ஒரு மாணவி என்னிடம் கேட்டபோது நான் நடந்துகொண்ட விதம் இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பள்ளிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தால் தேரிக்காடு. தெரியாதவர்களுக்காக: காற்று கொண்டுவந்து குவித்த செம்மண் மேடுகளைத்தான் இங்கே தேரி என்போம். ஆடிக் காற்றில் இந்த மணல் வகுப்பறைக்குள் வந்து மேசையில் படியும்.

ஏழெட்டு வருடம் முன்பு, பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெண் அண்ணனின் போனில் இந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். இளஞ்சிவப்பு மேடுகள், அவற்றின் உச்சியில் கரிய மரங்கள் வரிசையாக நிற்பதுபோல. "டீச்சர், செவ்வாயில மரம் இருக்காம்." திருப்புதல் தேர்வு நேரம். நான் போனைச் சரியாகக்கூடப் பார்க்காமல், "இது பரீட்சைக்கு வராது, போய்ப் படி" என்றேன். அவள் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவளே திரும்பி வந்தாள். "டீச்சர், அது மரமா இருந்தா நிழல் எங்க? நம்ம பனைக்குக் காலையில எவ்வளவு நீளமா நிழல் விழுது, இதுல ஒண்ணுக்குமே நிழல் இல்லல்லா?" அவள் அப்பா பனையேறி. விடிவதற்குள் தேரிக்குப் போய், பனை நிழலைப் பார்த்தே நேரம் சொல்லும் வீடு அது. விஞ்ஞானிகள் அந்தப் படத்துக்குச் சொன்ன விளக்கத்திலும் இதுதான் முக்கியமான குறிப்பு, இவற்றுக்கு நிழல் இல்லை. எதையும் படிக்காமல் அவளாகவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள். அன்று இரவு உட்கார்ந்து நான் தேடிப் படித்தது இது.

படம் 2008 ஏப்ரலில் எடுக்கப்பட்டது. செவ்வாயைச் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டர் என்ற விண்கலத்தில் ஹைரைஸ் என்றொரு கேமரா இருக்கிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தினர் அதை இயக்குகிறார்கள். ஒரு மீட்டர் அளவுள்ள பொருள்கூட இந்தப் படத்தில் தெரியும். இடம் வட அட்சம் 83 டிகிரிக்கு மேல். செவ்வாயின் வட துருவத்தை மூடியிருக்கும் நிரந்தரப் பனியைச் சுற்றிப் பெரிய மணல்மேட்டுக் கடலே இருக்கிறது. அந்த மணல் சிவப்பு இல்லை, எரிமலைப் பாறை உதிர்ந்த கருமணல். செவ்வாய் என்றாலே சிவப்பு என்று நினைத்திருந்த என் மாணவிகளுக்கு இதுதான் முதல் ஆச்சரியம். அந்த இளஞ்சிவப்பு, மணலின் நிறமே இல்லை. மணலை மூடியிருக்கும் உறைபனி, கொஞ்சம் தூசியோடு கலந்து, நிறம் கூட்டிக் காட்டிய படத்தில் அப்படித் தெரிகிறது.

அந்த உறைபனியும் தண்ணீர் இல்லை. செவ்வாயின் காற்றில் 95 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. துருவத்தில் குளிர்காலம் என்றால் மாதக்கணக்கில் சூரியன் எழும்பாது. குளிர் சுமார் மைனஸ் 125 டிகிரிக்கு இறங்கும்போது காற்றே உறைந்து தரையில் படிகிறது. அந்தக் கிரகத்தின் மொத்தக் காற்றில் ஏறக்குறைய கால்வாசி இப்படிக் குளிர்காலத் துருவத்தில் போய்ப் படிந்துவிடுகிறது. இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஒரு கிரகம் வருடாவருடம் தன் மூச்சில் கால்வாசியைத் தரையில் கொட்டி, மறுபடி எடுத்துக்கொள்கிறது. அங்கே ஒரு வருடம் நமக்கு 687 நாள்.

வசந்தம் வந்து சூரியன் எழும்பியதும் அந்தப் பனி உருகாது. கற்பூரம் போல, பாச்சை உருண்டை போல நேராக ஆவியாகும். பள்ளியிலேயே படித்திருப்பீர்கள், பதங்கமாதல். இங்கே ஒரு விசேஷம் உண்டு. பல இடங்களில் பனிப்பாளம் ஒளியை உள்ளே விடும். வெயில் அதை ஊடுருவி அடியில் இருக்கும் கருமணலைச் சூடாக்குகிறது. அதனால் பாளம் அடியிலிருந்து ஆவியாக ஆரம்பிக்கிறது. ஆவி வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பாளம் விரிசல் விட்டு, மணலையும் வாரிக்கொண்டு பீறிடுகிறது. மேட்டின் உச்சியில் பனி விட்டுக்கொடுத்ததும் கருமணல் சரிவில் வழிகிறது. வெளிர்ப் பனியின் மேல் கறுப்பாக நீளும் அந்த வழிசல்தான் நீங்கள் பார்க்கும் அடிமரம். நிற்பது ஒன்றுமில்லை, எல்லாம் சரிவில் படுத்துக் கிடக்கிறது. மேலிருந்து எடுத்த படத்தை நம் கண் பக்கவாட்டுக் காட்சியாக வாசிக்கிறது. போனில் திரை சுழல்வதை அணைத்துவிட்டுத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்.

இதை வகுப்பில் சொன்னால் மட்டும் போதாது என்று தோன்றியது. நான் அவளுக்கு ஒரு பதில் கடன்பட்டிருந்தேன். செய்து காட்ட உறைந்த கார்பன் டை ஆக்சைடு, அதாவது டிரை ஐஸ் வேண்டும். அதற்கு எங்கே போவது? கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வரும்போது புகை விடுகிறார்களே, அதேதான். எங்கள் ஊரில் மேடை அலங்காரம் செய்யும் அண்ணாச்சியிடம் கேட்டேன். "வரவேற்பு முடிஞ்சு மிஞ்சுனா தாரேன் டீச்சர்" என்றார். மறுநாள் காலை தெர்மாகோல் பெட்டியில் கொடுத்தார். பாதி ஆவியாகிப் போய், சோப்புக் கட்டி அளவில் நாலைந்து துண்டு மிச்சம்.

பிள்ளைகள் கையில் டிரை ஐஸ் கொடுத்தாயா என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கவில்லை. தடித்த கையுறை போட்டு நான் மட்டும்தான் தொட்டேன். வேனில் ஏற்றாமல் பைக்கில் பின்னால் வைத்துக் கொண்டுபோனேன், செய்தது திறந்தவெளியில். நீங்கள் செய்வதாக இருந்தால் மூடிய அறையிலோ மூடிபோட்ட பாட்டிலிலோ வேண்டவே வேண்டாம்.

தேரியின் செங்குத்தான ஒரு சரிவில் ஒரு துண்டை வைத்துக் கையெடுத்தேன். ஸ்ஸ்ஸ் என்ற சத்தத்தோடு அது மணலைத் தொட்டும் தொடாமலும் வழுக்கிக்கொண்டு போனது. அடியில் கிளம்பும் ஆவியே அதற்கு மெத்தை. போன தடத்தில் ஒரு சின்ன வாய்க்கால், இரண்டு பக்கமும் மெல்லிய கரை. இன்னொரு துண்டை மணலுக்குள் விரலாழம் புதைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மேல்மணல் நடுங்கியது. ஊசிமுனைத் துளைகள் விழுந்து, ஒவ்வொன்றிலும் மணல் பருக்கைகள் துள்ளின. ஓரத்தில் மணல் இடிந்து சரிவில் வழிந்தது. அந்தப் பெண் குப்புறப் படுத்து, மூக்கு மணலில் படும் அளவு கிட்டே போய்ப் பார்த்தாள். "வழியுது டீச்சர், வழியுது" என்று அவள் கத்தியது எனக்கு எந்த நல்லாசிரியர் விருதையும்விடப் பெரிது.

இது எங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை. செரினா டினியேகா என்ற நாசா விஞ்ஞானியின் குழு, யூட்டாவிலும் கலிஃபோர்னியாவிலும் உள்ள மணல்மேடுகளில் டிரை ஐஸ் பாளங்களைச் சறுக்கவிட்டுப் பார்த்து 2013-ல் எழுதியிருக்கிறது. அவர்கள் விளக்க நினைத்தவை செவ்வாயின் தென்பகுதி மேடுகளில் இருக்கும் நீண்ட வாய்க்கால்கள். எங்கள் சூடான தேரி மணலும் அந்த உறைந்த மேடும் ஒன்றல்ல என்பதும் தெரியும். ஆவி மணலை எப்படி நகர்த்துகிறது என்பதைக் கண்ணால் பார்க்க அது போதுமாக இருந்தது.

அந்தப் பெண் இதையே மாதிரியாகச் செய்து மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோனாள். நடுவர் கேட்டது இரண்டே கேள்வி: "இது எந்தப் பாடத்துல வருது?", "இதனால சமுதாயத்துக்கு என்ன பிரயோஜனம்?" முதல் பரிசு கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்கிய தெர்மாகோல் எரிமலைக்கு. எரிமலை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வைத்திருந்த பையனுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வரி சொல்லத் தெரியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். இதில் இன்னொன்றும் உண்டு. அந்த வருடம் எனக்கு வாக்காளர் பட்டியல் வேலை. சாயங்காலம் வீடு வீடாகப் போய்விட்டு, இரவில் ஆப்பில் பதிவேற்றிவிட்டு, மறுநாள் செய்முறை வகுப்புக்கு எந்தத் தெம்போடு நிற்பது? ஆய்வகத்தில் உடைந்த வெப்பமானிக்கு மாற்று வாங்க என் சம்பளத்தில்தான் எடுத்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் இப்படிப் பதிலில்லாமல் திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகள்தான் பிறகு யார் எந்தப் படத்தை அனுப்பினாலும் நம்புகிறார்கள்.

நம்புகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், அறிவியல் புனைகதையில் அவ்வளவு பெரிய பெயர், 2001-ல் செவ்வாயின் தென் துருவப் படங்களைப் பார்த்துவிட்டு ஆலமரங்கள் போல இருக்கின்றன, பருவத்தோடு மாறுகின்றன, தாவரமாக இருக்கலாம் என்று மனதாரச் சொன்னார். ஆவி பீறிடும் விளக்கத்தை ஹியூ கீஃபர் குழுவினர் 2006-ல் விரிவாக வெளியிட்டார்கள். கிளார்க் 2008 மார்ச்சில் காலமானார். நாம் பேசும் இந்தப் படம் அடுத்த மாதம் எடுக்கப்பட்டது.

செவ்வாயில் உயிரே இருந்ததில்லை என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். இந்தப் படத்தில் மரம் இல்லை என்றுதான் சொல்கிறேன். அங்கே மரம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2008 மே 25 அன்று நாசாவின் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாயில் வட அட்சம் 68 டிகிரியில் இறங்கியது. சூரியன் தாழ்ந்து, நவம்பரில் அது பேச்சை நிறுத்தியது. குளிர்காலம் கழிந்தபின் மேலிருந்து எடுத்த படத்தில் அதன் நிழலின் வடிவமே மாறியிருந்தது. படிந்த பனியின் பாரத்தில் சூரியத் தகடு முறிந்திருக்க வேண்டும் என்றார்கள். மறுபடியும் பாருங்கள், அங்கேயும் நிழல்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறது.

உங்கள் பெரியப்பாவிடம் வாதாட வேண்டாம். ஹைரைஸ் தளத்தில் முழு அளவுப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பெரிதாக்கி அவரிடம் கொடுங்கள். மரங்களுக்கு நடுவே ஓரிடத்தில் சின்னதாகப் புகை மாதிரி தெரியும். கேமரா படம் பிடித்த அதே நொடியில் மணல் சரிந்து எழுப்பிய தூசி அது. அதை அவரே கண்டுபிடிக்கட்டும்.