அந்தப் பற்று நோட்டை எடுங்கள்

கேள்வி: பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு பெரிய கம்பெனி வாசலில் மெஸ் நடத்துகிறேன். கணவர் இல்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள், மூன்று ஷிப்ட்டும் ஓடிய கடையில் இப்போது ஈ ஓட்டுகிறேன். பற்று நோட்டில் நிறைய பாக்கி. பாதி, அங்கே 18 வருஷம் பெர்மனென்ட்டாக இருந்த என் தம்பி கணக்கு. அதைக் கேட்க முடியாது. பாலிடெக்னிக் படிக்கும் மகன், படிப்பை விட்டுவிட்டுக் கோவைக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறான். எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு அரசு ஏதாவது தருமா? கம்பெனி திரும்ப வருமா?
– வாசகி, வாளையார்

பதில்: வராது என்றே கணக்குப் போடுங்கள். உங்கள் மாவட்டத்துப் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2004-ல் நின்றது. அந்த ஆலை நிலத்தடி நீரையும் விளைநிலத்தையும் கெடுத்ததால் நேர்ந்த சேதம் 216 கோடி ரூபாய் என்று 2010-ல் அரசு அமைத்த குழுவே சொன்னது. நஷ்டஈடு வாங்கித்தர 2011-ல் சட்டசபையில் மசோதாவும் நிறைவேறியது. அந்த ஜனங்களுக்கே பணம் வந்து சேரவில்லை. உங்கள் மெஸ்ஸுக்கு யார் தரப்போகிறார்கள்? கம்பெனி போனால் டீக்கடை, ஆட்டோ, வாடகை வீடு எல்லாம் சேர்ந்துதான் படுக்கும். சட்டமோ சம்பளப் பட்டியலில் பேர் இருப்பவனை மட்டும்தான் பார்க்கும்.

அப்படிப் பேர் இருந்தவர்தானே உங்கள் தம்பி? கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கிடுவதால், 18 வருஷத்துக்குப் பத்து மாதச் சம்பளம் தேறும். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பி.எஃப். வேறு இருக்கிறது. அவரிடம் ஏன் கேட்க முடியாது? தாய்மாமன் முறை கெட்டுவிடுமா? கணவனை இழந்த அக்கா அடுப்பில் வெந்து போட்ட சோற்றை, "எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கை கழுவிப் போனாரே, அன்றைக்கே கெட்டாயிற்று. உங்களையும் சும்மா விடுவதற்கில்லை. தம்பி முகம் வாடக்கூடாது. பெற்ற பிள்ளையின் படிப்பு நின்றால் பரவாயில்லையா? மாமன் கடனுக்கு மருமகன் கூலிக்குப் போவதா?

இந்த வாரமே நோட்டோடு போங்கள். தம்பி மனைவி இருக்கும்போது கேளுங்கள். பணம் காராகவோ மாடியாகவோ மாறிவிட்டால் பிறகு அழுது பயனில்லை. கூட வேலை பார்த்த மற்ற பெர்மனென்ட் ஆட்களிடமும் கேளுங்கள். ஒப்பந்தப் பையன்கள் பேரில் நிற்பதை மட்டும் அடித்துவிடுங்கள். அவர்கள் வெறுங்கையோடு ரயில் ஏறியவர்கள்.

மூடிய கேட்டுக்கு எதிரே அடுப்பு எதற்கு? 544-ஆம் நெடுஞ்சாலை ஓரம் ஓர் இடம் பாருங்கள், லாரிக்காரர்கள் சாப்பிடாமலா போகிறார்கள்? முதலுக்கு, கேரள அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயில் விசாரியுங்கள். தம்பி கொடுக்கும் முதல் பணத்தில் பையனுக்கு ஃபீஸ் கட்டி, ரசீதை அவருக்கும் காட்டுங்கள்.