டோட்டோ-சான் வாசித்தால் புலமைப்பரிசில் போய்விடுமா?

பிறநாட்டுச் சிறுவர், இளையோர் நூல்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பாடசாலை நூலகப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை பதிலளிக்கிறார்.

கேள்வி: டீச்சர், மகன் ஐந்தாம் வகுப்பு. பெரியம்மா வாங்கிக் கொடுத்த ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’யை வாசித்ததிலிருந்து, “எங்கட பள்ளிக்கூடம் ஏன் ரயில் பெட்டியில இல்லை?” என்று ஒரே நச்சரிப்பு. மாதிரி வினாத்தாளைத் தொடுகிறானில்லை. புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை புத்தகத்தை ஒளித்து வைக்கலாமா? (தாய், வெள்ளவத்தை)

பதில்: ஒளித்து வைத்தால் தேடி எடுத்துப் போர்வைக்குள் டோர்ச் அடித்து வாசிப்பான். கண்தான் கெடும். அதற்கு முதல் நீங்கள் ஒருதரம் வாசித்துவிடுங்கள், தங்கச்சி. அது கற்பனை இல்லை. ஜப்பானியத் தொலைக்காட்சியில் பெயர்பெற்ற டெட்சுகோ குரோயானாகி தன் பிள்ளைப் பருவத்தைத்தான் 1981இல் புத்தகமாக்கினார். மேசை மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாள், ஜன்னலில் நின்று தெருப் பாட்டுக்காரரைக் கூப்பிடுகிறாள் என்று முதல் பள்ளிக்கூடத்தில் விலக்கிவிட்டார்கள். அடுத்த பள்ளிக்கூடம்தான் உங்கள் மகன் கேட்கும் ரயில் பெட்டி. போன முதல் நாளே அதிபர் கோபயாஷி கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பிள்ளை சொன்னதையெல்லாம் நாலு மணித்தியாலம் கேட்கிறார். நம்மில் யார் பிள்ளை கதைப்பதை நாலு நிமிடம் கேட்கிறோம்?

எனக்குப் பிடித்த இடம் வேறு. அவளுடைய ஆசைப் பணப்பை மலகூடக் குழியில் விழுந்துவிடும். நீளக் கைபிடி அகப்பையை எடுத்து வந்து, குழியில் கிடப்பதை அள்ளி அள்ளி வெளியே குவிக்கிறாள். குவியல் மலைபோல ஏறுகிறது, நாற்றம் சொல்லத் தேவையில்லை. அந்த வழியே வந்த அதிபர் என்ன செய்கிறாய் என்று விசாரிக்கிறார். முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று கேட்டுவிட்டு, தன்பாட்டில் போய்விடுகிறார். ஏச்சு இல்லை, உதவியும் இல்லை. பணப்பை கிடைக்கவில்லை. ஆனாலும் அள்ளியதை முழுக்கத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் போகிறாள்.

வினாத்தாளுக்கும் அந்தப் புத்தகத்திலேயே வழியிருக்கிறது. அன்றைய பாடங்கள் எல்லாம் காலையில் கரும்பலகையில் எழுதப்பட்டிருக்கும். எதில் தொடங்குவது என்பது பிள்ளையின் விருப்பம். ஆனால் எல்லாவற்றையும் முடித்தால்தான் பின்னேரம் உலாவப் போகலாம். அந்த அத்தியாயத்தை மகனுக்கு மறுபடி வாசித்துக் காட்டுங்கள். உலாவக் கடற்கரை உங்களுக்குப் பக்கத்தில்தானே!

கேள்வி: மகள் ஆங்கில மொழிமூலம், ஏழாம் வகுப்பு. எல்லாம் ஆங்கிலத்திலேயே கிடைக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பு எதற்கு? (தந்தை, பம்பலப்பிட்டி)

பதில்: ஹாரி பாட்டரை ஆங்கிலத்திலேயே வாசிக்கட்டும். தமிழிலும் இருக்கிறது, ஆனால் ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடாக இருக்கிற பிள்ளையை அதற்காக வருத்த வேண்டாம். அது மூலம் ஆங்கிலம் என்கிறபடியால்தான். மகளுடைய அலுமாரியில் உள்ள மற்றப் புத்தகங்களின் உள்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பிப்பி சுவீடிஷ்காரி, ஹைடி ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டவள், பினோக்கியோ இத்தாலியன். இவர்களெல்லாம் ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்ப்பாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ஆங்கிலத்தில் வாசித்தால் அசல், தமிழில் வாசித்தால் நகல் என்று நினைப்பது நமது பழைய வியாதி. செந்த் எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ 1943இல் வெளிவந்தது. அதை வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்தே நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவர, க்ரியா வெளியிட்டது. இடையில் ஆங்கிலம் இல்லை. உங்கள் மகள் அதைத் தமிழில் வாசித்தால் எந்த விதத்தில் குறைந்துபோவாள்?

ஒன்று உண்மை: கண்ட கண்ட மொழிபெயர்ப்பை வாங்கக் கூடாது. கடையில் நின்றபடியே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். மூன்றாவது வசனத்தில் மூச்சு முட்டினால் இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரே போடாத புத்தகத்தை நான் கையிலும் எடுப்பதில்லை.

கேள்வி: எங்கள் காலத்தில் மொஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள் மலிவாகக் கிடைத்தன. பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. இனிக் கிடைக்குமா? (ஓய்வுபெற்ற அரச ஊழியர், தெஹிவளை)

பதில்: முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா என்ற மொஸ்கோப் பதிப்பகங்களின் பெயர்களைச் சொன்னாலே அந்த வழுவழுப் படத்தாள் என் விரலில் தட்டுப்படுகிறது, ஐயா. 1991இல் சோவியத் யூனியன் கலைந்ததோடு அந்த வரத்தும் நின்றுபோனது. சில நூல்களைச் சென்னையில் மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ கண்ணில் பட்டால் விடாதீர்கள். காதுவலியால் அழுத மகளைத் தேற்ற, சிறுவயதில் தான் செய்த அசட்டுத்தனங்களை ஒரு தகப்பன் சொல்லத் தொடங்கிய கதைகள் அவை. பேரப்பிள்ளைகளுக்கு உங்கள் குரலில் வாசித்துக் காட்டத் தோதானது.

பெரிய பேரப்பிள்ளைக்கு ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. கிர்கிஸ் கிராமமொன்றில், தானே எழுத்துக்கூட்டி வாசிக்கிற துய்ஷேன், பழைய குதிரை லாயத்தைத் திருத்திப் பள்ளிக்கூடம் நடத்துகிறான். உறைகிற குளிரில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடையைக் கடக்கிறான். குதிரையில் போகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள ஐயாவிடம் ‘குரு கீதய’ வாசித்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். தெதிகம வீ. ரொத்ரிகோ சிங்களத்தில் தந்த இதே கதைதான் அது. ஒரே மதிலுக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு ஒரே புத்தகத்தை வாசித்து வளர்ந்தவர்கள், அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

தேடுவதானால் முதலில் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகம், பிறகு காலி வீதிப் புத்தகக் கடைகள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்துப் புத்தகக் கண்காட்சிக்குப் போனால் தண்ணீர்ப் போத்தலும் பொறுமையும் கொண்டு போங்கள்.

கேள்வி: டீச்சர், எனக்கு 15 வயது. சிறுவர் புத்தகம் என்றால் முயலும் ஆமையும், பெரியவர்கள் புத்தகம் என்றால் குடும்பச் சண்டை. நடுவில் ஒன்றுமில்லையா? (மாணவி, கொட்டாஞ்சேனை)

பதில்: இருக்கிறது மகள், ஆனால் கொஞ்சம்தான். நம் பதிப்பாளர்களுக்கு 13 முதல் 18 வரை ஒருவரும் உயிரோடு இல்லை என்ற எண்ணம். மர்ஜானே சத்ரபி தன் சிறுவயதையே வரைந்த ‘ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை’யைத் தேடிப் பாருங்கள். விடியல் பதிப்பகம் வெளியிட்ட படக்கதை, முழுக்கக் கறுப்பு வெள்ளை. பள்ளிக்கூடத்தில் திடீரென்று எல்லாச் சிறுமிகளும் தலையை மூட வேண்டும் என்று உத்தரவு வருவதில் தொடங்கி, 14 வயதில் பெற்றோர் அவளைத் தனியே வியன்னாவுக்கு விமானம் ஏற்றுவதோடு முதல் பாகம் முடிகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாய் மயங்கி விழுகிறாள். பிள்ளையைத் தனியே வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடு உங்கள் தெருவிலும் இருக்கும். அம்மாவுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

கொஞ்சம் சிரிக்கவும் வேண்டுமென்றால் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’. 1947இல் சிங்களத்தில் வந்தது, தமிழிலும் உண்டு. உபாலியும் ஜின்னாவும் வீட்டை விட்டு ஓடிப்போய், ஆளில்லாத் தீவொன்றில் தோட்டம் செய்கிறார்கள். பாடசாலையில் சிங்களம் இரண்டாம் மொழியாகப் படிக்கிறீர்கள் என்றால், தமிழில் முடித்ததும் மூலத்தின் முதல் அத்தியாயத்தை அகராதியோடு முயன்று பாருங்கள். ஓ.எல். பரீட்சை முடிந்த பிறகு போதும்.