கல்யாணம் ஆகாத பெற்றோரின் குழந்தைக்கு யார் பொறுப்பு?

தாலியும் இல்லை, பதிவும் இல்லை என்றால் குழந்தைக்கு யார் பொறுப்பு? இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளர், அதாவது குழந்தைக்காக முடிவெடுப்பவர், முதலில் அம்மா. அவருக்குப் பிறகே அப்பா.

செலவு என்று வந்தால் அப்பா நழுவ முடியாது. பெற்றோர் செய்ததற்குக் குழந்தை என்ன பண்ணும்? அதனால் ஜீவனாம்சச் சட்டம் எந்த மதமானாலும் கல்யாணத்தைக் கேட்பதில்லை. கிருஷ்ணகிரி மண்டியில் துண்டுச்சீட்டு இல்லாமல் எடுத்த மாங்காய்க்கும் காசு தரத்தானே வேண்டும்! மனுவை அப்பா இருக்கும் மாவட்டத்திலோ, இருவரும் கடைசியாகச் சேர்ந்திருந்த மாவட்டத்திலோ போடலாம். அம்மா தர்மபுரியில் இருந்தாலும், அப்பா ஓசூர் கம்பெனிப் பக்கம் குடியிருந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள நீதிமன்றம். சொத்து வேறு கதை, அதற்கு வக்கீலைப் பாருங்கள்.

அப்புறம், அப்பா பெயர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை; மணமாகாத தாயின் பிரமாணப் பத்திரமே போதும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.