14 தலைப்புக்கும் 4 மதிப்பெண்தான் வருகிறதா?

சராசரியை விட்டுவிடுங்கள், சிக்கல் அங்கேதான். வாழும் இடம் எப்படி இருக்கிறது என்று 14 தலைப்புகளில் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடும் ஸ்காட்லாந்தின் ‘பிளேஸ் ஸ்டாண்டர்ட்’ படிவத்தில் உங்கள் பகுதியினர் 40 பேரின் மதிப்பெண்கள் எல்லாத் தலைப்பிலும் 4-ஐ ஒட்டியே நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் 2, மீதிப் பேர் 6 போட்டாலும் சராசரி 4தானே!

பெரும்பாலும் ‘நம்ம ஏரியா’வின் எல்லையை ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு அது தன் தெரு. இன்னொருவருக்குக் கடைவீதி வரை. அடுத்த முறை எல்லை வரைந்த வரைபடத்தைப் படிவத்தோடு கொடுங்கள்.

இப்போதைக்கு:

1. ‘பாதுகாப்பு உணர்வு’ தலைப்பை மட்டும் எடுத்து, 1 முதல் 7 வரை ஒவ்வொரு எண்ணையும் எத்தனை பேர் போட்டார்கள் என்று எண்ணுங்கள். இரண்டு குவியல் தெரிந்தால் வயது வாரியாகவோ, நடப்பவர், கார் வைத்திருப்பவர் என்றோ பிரித்துத் தனித்தனிச் சக்கரம் (எல்லாத் தலைப்பின் மதிப்பெண்களையும் காட்டும் வட்டப் படம்) வரையுங்கள்.

2. காரணம் எழுதிய வரிகளைப் படியுங்கள். எண்ணைவிட அதில்தான் சரக்கு. பாராட்டி எழுதிவிட்டு 1 போட்டிருந்தால், அவர் அதை ‘முதல் தரம்’ என்று நினைத்திருக்கிறார். உண்மையில் 1 என்றால் நிறைய முன்னேற்றம் தேவை. அவரிடம் கேட்காமல் திருத்தாதீர்கள்.

ஆனால் ஒன்று, தாமாக வந்த 40 பேரின் கருத்தை ஊர் முழுவதன் கருத்து என்று கவுன்சிலுக்கு எழுத முடியாது. பேச்சைத் தொடங்க அது போதும்.